ரஜூலாக் கப்பலும் நம்மவர் ஓய்வுப் பிரயாணமும்

கடற் பிரயாணத்தின் இன்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள் பல உள. அவற்றைப் படிப்போர் கண்முன் ஒரு பெரிய கப்பல் வந்து நிற்கும். சாய்வு நாற்காலி, வெள்ளை விரிப்பிட்ட மேசை, மாலை நேரத்து வாத்தியம், கப்பல் தலைவரோடு உண்ணும் விருந்து ஆகிய இவற்றையெல்லாம் அந்நூலாசிரியர்கள் சுவைபட எழுதியிருக்கின்றனர். மேனாட்டார் உத்தியோக அலுப்புத் தீரக் கடல்மேற் சென்றனர். கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே குறித்து வைத்தனர். ஊர் திரும்பியதும் அச்சிட்டனர். அது நல்ல வழக்கமே. அதில் நாம் குறை காண்பதற்கில்லை.

நிற்க. தமிழர் கடலை அறியாதவரல்லர். மலேசியாவில் இன்று வாழும் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் பாட்டனோ பூட்டனோ கப்பலேறித்தான் இந்நாட்டை அடைந்தனர். அவர்களுடைய பிரயாணம் எந்நூலில் எழுதப்பட்டிருக்கிறது? கவி ரவீந்திரநாத் தாகூர் 1927-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையிலிருந்து பிரெஞ்சுக் கப்பலொன்றில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த செய்தி ஏட்டில் இருக்கிறது. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1929-ம் ஆண்டு டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய செய்தியும் இருக்கிறது. மலாயாவிலுள்ள இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய 1936-ம் ஆண்டு இறுதியில் வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தம் அறிக்கையை 1937-ல் வெளியிட்டார். உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியார் தாம் சென்ற நாடுகளைப் பற்றித் தமிழில் நிரம்ப எழுதிவைத்தார். இவையெல்லாம் நமக்குப் பெருமையே. ஆனால், அக்காலத்துக் கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த ஆயிரக்கணக்கானோரைப் பற்றி அவர்களே சொல்லிய வரலாறு எங்கே?

இக்கட்டுரையில் நாம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். தோட்டத் தமிழன் ஓய்வுக்காகக் கப்பலேறிய காலம் ஒன்று உண்டா? உண்டெனில், அஃது எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது? சிறு கேள்வியாகவே தோன்றும். விடையைத் தேடிப் புகுந்தால், இந்நாடு நமக்கு எப்போது சொந்த நாடாயிற்று என்னும் பெரிய கேள்வியின் வாசலுக்கு அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

கப்பலின் வரலாறு

நம் முதியோர் வாயில் இன்றும் வழங்கும் கப்பற் பெயர் 'ரஜூலா' என்பதே. அக்கப்பல் 1926-ம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில், பார்க்ளே கர்ல் என்னும் கம்பெனியாரால் கட்டப்பெற்றது. அதன் சொந்தக்காரர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார். சுருக்கமாகப் 'பி. ஐ. கம்பெனி' என்பர். இந்தக் கம்பெனியின் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 1906-ம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, கட்டணத்தைக் குறைத்து அதனை நசுக்க முனைந்த கம்பெனி இதுவே. 1908-ல் சிதம்பரனார் சிறை புகுந்தார். சுதேசிக் கம்பெனியும் பின்னர் அழிந்தது. ஆகவே, தமிழன் தன் சொந்தக் கப்பலில் கடல் கடக்கும் வாய்ப்பை இழந்த பின்னர், எதிரியின் கப்பலிலேயே கூலி கொடுத்து ஏறினான் என்பதை நாம் மறத்தலாகாது.

ரஜூலாவின் வழி சென்னையில் தொடங்கும். அங்கிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளைத் தொடும். மீண்டும் அவ்வழியே திரும்பும். இடையில் யுத்த காலம் நீங்கலாக, ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அது இவ்வாறு வந்து போயிற்று. ஒரே கப்பல் ஒரே கடலில் இத்தனை காலம் ஓடியமையால், பாட்டனும் பேரனும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

இதற்கு உடன்பிறந்த கப்பல் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் ரோனா. அதுவும் 1926-ல் கட்டப்பெற்றதே. அதுவும் நம்மவரை ஏற்றி வந்ததே. இரண்டாம் உலக யுத்தத்தில் அது படைவீரரை ஏற்றிச் சென்றது. 1943-ம் ஆண்டு நவம்பர் 26-ம் நாள், மத்தியதரைக் கடலில், வானொலியால் இயக்கப்பட்ட ஜெர்மானியக் குண்டொன்று தாக்கி மூழ்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரர் அதில் மாண்டனர். நாகப்பட்டினத்துக் கூலிகள் படுத்த அதே தளத்தில் அவ்வீரர்களும் படுத்திருந்தனர் என்பதை எண்ணும்போது, உலக வரலாற்றின் நூலிழைகள் எங்கெல்லாம் பின்னிக்கிடக்கின்றன என்பது விளங்கும்.

இடக் கணக்கு

நாம் கணக்கெழுதிப் பிழைக்கும் வர்க்கத்தினர். ஆதலால் இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ரஜூலாவின் மொத்த அளவு 8,478 டன். கப்பல் விஷயத்தில் இந்த டன் எடையைக் குறிப்பதன்று. நூறு கன அடி உள்ளிடத்தைக் குறிப்பது. கட்டப்பட்ட காலத்தில் அக்கப்பல், தளப் பிரயாணிகளாக மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிச்செல்ல அனுமதி பெற்றிருந்தது. அறை வகுப்பில் செல்வோர் சில நூறு பேருக்கு மேற்படார். பின்னாளில் தளப் பிரயாணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஐயாயிரவர் ஏறினர் என்பதும் நம் கருத்தன்று. ஆனால் சட்டம் அத்தனை பேருக்கு இடந்தந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது.

இதனோடு குவீன் மேரி என்னும் கப்பலை ஒப்பிடுக. அது 1936-ல் அட்லாண்டிக் கடலில் ஓடத் தொடங்கிய ஆடம்பரக் கப்பல். அதன் அளவு 80,774 டன்; பிரயாணிகள் ஏறத்தாழ 2,100 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 38 டன், அதாவது 3,800 கன அடி. ரஜூலாவிலோ ஆளுக்கு 1.7 டன், அதாவது 170 கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐந்தரை அடியாக உள்ள ஒரு பெட்டியே அது. அப்பெட்டிக்குள்ளேயே யந்திரத்துக்கும் சரக்குக்கும் சமையலுக்கும் அறை வகுப்பாருக்கும் உரிய பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். திறந்த மேல்தளம் இக்கணக்கில் சேர்வதில்லை. ஆகவே எஞ்சியோர் வெயிலிலும் பனியிலும் திறந்த வெளியிற் படுத்தனர்.

இஃது ஒரு கப்பலின் குற்றமன்று. வங்காள விரிகுடாவின் நெடுகிலும் அக்காலத்தில் இவ்விதமே ஆட்கள் ஏற்றப்பட்டனர். மேனாட்டுப் பிரயாணி கப்பலில் ஏறும்போது கடலை விலைக்கு வாங்கினான். நம்மவர்க்கோ படுக்கும் இடம் மட்டுமே விற்கப்பட்டது.

போவதும் வருவதும்

1910-ம் ஆண்டில் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணி முறையே பெரிதும் வழங்கிற்று. 1907-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிமார் பணம் கட்டினர். அந்நிதியிலிருந்து கூலிகளின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்து, முகாமில் ஒப்படைத்து, கப்பலேற்றி அழைத்து வருவான். இக்கரையில் இறங்கியதும் வீடு செல்ல முடியாது. பினாங்கில் இறங்குவோர் ஜெரஜாக் தீவிலும், போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்குவோர் அங்குள்ள குவாரண்டைன் முகாமிலும் சில நாட்கள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அதன் பிறகே ரயிலேறிச் சிரம்பானுக்கு வந்து, அங்கிருந்து ரந்தாவ், சிலியாவ், லிங்சம், லாபு முதலிய இடங்களிலுள்ள தோட்டங்களுக்குச் சென்றனர்.

அக்காலத்திலும் பலர் ஊருக்குத் திரும்பிப் போயினர். இரண்டு மூன்று வருஷம் பால் வெட்டிவிட்டு, மிச்சம் பிடித்த பணத்தோடு கப்பலேறுவோர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இவர்களுடைய பிரயாணத்தை ஓய்வுப் பிரயாணம் எனலாமா?

ஆகாது என்பதே நம் துணிபு. ஓய்வுப் பிரயாணத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. திரும்பி வருதற்குரிய வீடு ஒன்று இருத்தல் வேண்டும். வீட்டை விட்டுச் சில காலம் நீங்கி, மீண்டும் வீடு சேர்வதே ஓய்வுப் பிரயாணம். 1920-களில் மேற்கே சென்ற தமிழன் வீட்டுக்குப் போனான். கிழக்கே வந்த தமிழன் வேலைக்கு வந்தான். இருபுறத்திலும் ஓய்வில்லை.

அதிலும் 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது நடந்ததை நினைத்தல் வேண்டும். ரப்பர் விலை வீழ்ந்தது. ஆட்கள் வேண்டாதவராயினர். மூன்று ஆண்டுக்குள் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். வருவதற்குக் கட்டணம் கொடுத்த கைகளே போவதற்கும் கட்டணம் கொடுத்தன. விலை ஏறியதும் மீண்டும் ஆள் பிடித்தனர். பின்னர் 1938-ம் ஆண்டு மே மாதத்தில் கூலி குறைக்கப்படவே, ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் பிரயாணத்தை அடியோடு தடுத்தது. அன்றோடு கங்காணியின் கப்பல் ஓய்ந்தது.

சாதியும் கடலும்

இங்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. கடல் கடந்தால் குலம் கெடும் என்று சாத்திரம் பேசியோர் நம் நாட்டில் ஒரு காலத்தில் மலிந்திருந்தனர். கப்பலின் தளமோ எந்தச் சாத்திரத்தையும் கேளாது. பாய்க்குப் பாய் ஒரு சாண் இடைவெளியும் இல்லாத இடத்தில், மேலத்தெருவான் என்றும் கீழத்தெருவான் என்றும் பிரித்துப் படுத்தல் எங்ஙனம்? அலை மோதும்போது எல்லாருக்கும் ஒரே குமட்டல். மயங்கி விழுந்தவனுக்கு எலுமிச்சம்பழத்தை நுகரக் கொடுத்த கை எந்தச் சாதிக் கை என்று எவரும் கேட்டிலர்.

ஆயினும், கப்பலில் ஒழிந்த சாதி கரையேறியதும் ஒழிந்தே போயிற்று என்று நாம் சொல்வதற்கில்லை. லயத்து வாசலிலும் கோயில் திருவிழாவிலும் கலியாணப் பந்தலிலும் அது மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் சாதி இல்லாமல் வாழ முடிந்த மக்களுக்கு வாழ்நாள் முழுதும் அவ்வாறு வாழ முடியாமற் போனது ஏன்? சீர்திருத்தம் பேசும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு விடை தேடுதல் வேண்டும்.

விடுமுறை என்னும் சொல் வந்தது

1941 டிசம்பர் முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அக்காலத்தில் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசென்றனர். பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். யுத்தம் முடிந்து ரஜூலா மீண்டும் ஓடியபோது, அதில் ஏறிய தமிழர் முன்போல் இல்லை. அவர்களுள் ஒரு பெரிய மாறுதல் உண்டாகியிருந்தது.

குடிக்கணக்கைப் பார்த்தால் அது விளங்கும். 1931-ம் ஆண்டில் மலாயாவிலிருந்த இந்தியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே இந்நாட்டிற் பிறந்தவர். 1947-ல் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. 1957-ல் ஐந்தில் மூவருக்கும் மேலாயிற்று. 1953-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர் வருகையைப் பெரிதும் அடைத்துவிட்டது. அதன் பின்னர்க் கப்பலிற் சென்று வந்தோரில் மிகுதியானவர் இந்நாட்டில் ஏற்கெனவே வாழ்ந்தோரே. அவர்கள் ஊர் பார்க்கப் போயினர். போனபின் திரும்பி வந்தனர். இதுதான் ஓய்வுப் பிரயாணம். இப்போதுதான் நம் இலக்கணம் பொருந்துகிறது.

நெகிரி செம்பிலானிலுள்ள தோட்டங்களில் எண்பது வயதை எட்டிய முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். சிறுபிள்ளைகளாகவோ புதுமணத் தம்பதிகளாகவோ அக்காலத்தில் கப்பலேறியவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு பொதுச் சித்திரம் கிடைக்கிறது.

பிரயாணத்துக்கு ஓரிரு வருஷம் முன்பே சீட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பார்கள். டிரங்குப் பெட்டி வாங்குவார்கள். அதில் கோடாலித் தைலம், சவர்க்காரம், போர்வை, சீத்தை, டார்ச் லைட்டு, பிஸ்கட்டு டின் ஆகியவை நிரம்பும். புறப்படும் நாளில் லயமே திரண்டு வந்து வழியனுப்பும். லாரியிற் சிரம்பான், அங்கிருந்து ரயிலிற் கோலாலம்பூர் வழியாகத் துறைமுகம். கப்பலில் ஏறியதும் முதல் வேலை இடம் பிடித்தல். மழைச்சாரல் படாததும் யந்திரச் சூடு அடிக்காததுமான மூலையைத் தேடிப் பாய் விரிப்பார்கள். பெட்டிகளையே சுவராக அடுக்கிக்கொள்வார்கள். அரை நாழிகையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு அமைந்துவிடும்.

முதலிரண்டு நாள் மயக்கம். பினாங்கைத் தாண்டிப் பெருங்கடலில் நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்திரார். ஊறுகாயும் கஞ்சியுமே ஆகாரம். மூன்றாம் நாள் பிள்ளைகள் ஓடி விளையாடத் தொடங்குவர். ஆடவர் சீட்டாடுவர். தோட்டத்துக் கூத்தில் வேஷங் கட்டியவர் எவரேனும் இருந்தால் இரவில் பாட்டு நடக்கும். வெவ்வேறு தோட்டத்தார் பேசிப் பழகிக் கலியாணப் பேச்சும் முடிந்துவிடுவதுண்டு. ஐப்பசி கார்த்திகையில் ஏறியவர் புயலுக்கு அஞ்சினர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலையில் ஏறி இறங்கும் படகுக்கு மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் இறங்கிய பெண்களின் துணிவை, இன்றும் அம்முதியோர் வியந்து பேசுகின்றனர்.

மேல்வகுப்பு நூல்களில் எழுதப்பட்ட சாய்வு நாற்காலி இச்சித்திரத்தில் இல்லை. ஆனாலும் இதில் மகிழ்ச்சி இல்லையென்று கூற நமக்கு மனம் வரவில்லை. பிரட்டு மணி அடிக்காத காலைப்பொழுது, பலருக்கு வாழ்நாளில் அக்கப்பலில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. அதிகாலையில் கண் விழித்தும் எழுந்து ஓட வேண்டாத ஒருவன், கடலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தான். அதனை ஓய்வு என்னாமல் வேறென்னென்பது?

விடுமுறையின் விலை

அவ்வோய்வை அவன் என்ன விலைக்கு வாங்கினான்? செக்ரோல் எழுதுவோர்க்கு இது நன்கு விளங்கும். தோட்டத்துத் துரைமார்க்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீமைக்குச் செல்லப் பல மாத விடுமுறை உண்டு. சம்பளம் நிற்காது, கப்பற் செலவும் பெரும்பாலும் கம்பெனியைச் சேரும். தொழிலாளிக்கோ வேலை செய்த நாளுக்கே பேர். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

மலேசிய வேலைச் சட்டம் சம்பளத்தோடு கூடிய வருடாந்தர விடுமுறையை இன்று வகுத்துள்ளது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என்பது அதன் குறைந்தபட்ச அளவு. இந்த நிலையை எய்துதற்கே எத்தனையோ போராட்டங்கள் வேண்டியிருந்தன. இந்த அளவையே அன்றைய கப்பலுக்குப் பொருத்திப் பாருங்கள். கடலில் போகச் சுமார் ஒரு வாரம். வரச் சுமார் ஒரு வாரம். பதினாறு நாள் பெற்றவனுங்கூட ஊர் மண்ணில் சில நாளுக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே, ஊர் சென்றோர் மாதக்கணக்கிற் சம்பளமின்றியே சென்றனர். திரும்பி வரும்போது வேலை இருக்குமோ, லயத்தில் வீடு இருக்குமோ என்ற கவலையும் உடன் சென்றது. இத்தனையும் கொடுத்து வாங்கிய ஓய்வாதலால், அதனை நாம் அற்பமாக எண்ணுதல் தகாது.

'ஊர்' இடம் மாறியது

இம்முதியோரின் பேச்சில் நாம் கவனித்த ஒன்று உண்டு. அவர்தம் பெற்றோர், நாகப்பட்டினம் கண்ணில் பட்டவுடன் கண்ணீர் விட்டனராம். இவர்களோ, திரும்பி வரும்போது பினாங்கு மலை தெரிந்தவுடன் நெஞ்சு நிறைந்ததாகச் சொல்கின்றனர். தாய் தந்தையர்க்கு 'ஊர்' மேற்கே இருந்தது. மக்களுக்கு அது கிழக்கே வந்துவிட்டது. ஒரே கப்பல், ஒரே வழி. இறங்குந் துறை மட்டும் மனத்தில் மாறிவிட்டது. அரசாங்கம் குடியுரிமைத் தாள் கொடுப்பதற்கு முன்னரே, பலர்க்கு அவ்வுரிமை கப்பலின் தளத்தில் எழுதப்பட்டாயிற்று.

ஆனால், மனத்தில் எழுதியது மட்டும் சட்டத்துக்குப் போதாது. 1957-ல் சுதந்தரம் வந்தது. குடியுரிமைக்கு மனுச் செய்தோரும் உண்டு. எழுத்தறியாமலும், எடுத்துச் சொல்வாரின்றியும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தாலும் விட்டுவிட்டோரும் உண்டு. 1968-ல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதார்க்கு வேலைப் பெர்மிட்டு வேண்டும் என்றாயிற்று. 1969-லும் அடுத்த ஆண்டிலும் பல்லாயிரந் தோட்டத் தொழிலாளர் பெர்மிட்டுக் கிடைக்காமலும், கிடைக்குமோ என்ற அச்சத்தாலும் கப்பலேறினர்.

அவர்களும் ரஜூலாவில்தான் போயினர். விடுமுறைக்குச் செல்வோரும் விடைபெற்றுச் செல்வோரும் ஒரே தளத்தில் அருகருகே பாய் விரித்தனர். ஒருவன் கையில் திரும்பி வரும் சீட்டு. மற்றவன் கையில் இல்லை. முப்பது வருஷம் பால் வெட்டிய ஒருவனுக்கு, தான் பிறந்த கிராமத்தில் தன்னை அடையாளங் காண்பார் எவருமில்லை. இங்குப் பிறந்து வளர்ந்த அவன் பிள்ளைகளுக்கோ அந்நாடே அயல்நாடு. திரும்பி வரும் உரிமை இல்லாத இடத்தில் ஓய்வுப் பிரயாணம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்று நாம் முன்னர்ச் சொன்னது, இவர்களை நினைத்தே.

கடைசிக் கப்பல்

1973-ம் ஆண்டில் ரஜூலா இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்கப்பட்டது. ரங்கட் என்று புதுப்பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்தது சிதம்பரம் என்னும் கப்பல். 1966-ல் பிரான்சு தேசத்தில் பாஸ்டர் என்ற பெயரோடு கட்டப்பெற்ற அக்கப்பல், ரஜூலாவைப்போல் இருமடங்கு பெரியது. பெயரைக் கேட்டவுடன் நமக்குத் தூத்துக்குடிச் சிதம்பரனாரின் நினைவு வருகிறது. பி. ஐ. கம்பெனியின் கொடி இறங்கி, இந்தியக் கொடி பறந்த கப்பல் அவ்வழியில் ஓடியதை அவர் காணக் கொடுத்துவைக்கவில்லை.

1985-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அது ஓடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் மலேசியாவுக்கும் இடையே ஓடிய பிரயாணிக் கப்பல் வரலாறு அத்தோடு முடிந்தது. ஆகாய விமானம் முன்னமே அதன் பிரயாணிகளில் பாதிப் பேரைக் கவர்ந்துகொண்டிருந்தது. 1998-ல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட விமான நிலையம் நம் மாநிலத்து எல்லையை ஒட்டியே இருக்கிறது. லாபு, நீலாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் நிற்போர் தலைக்கு மேல் விமானங்கள் இறங்குவதைக் காணலாம். ஏழு நாள் பிரயாணம் நான்கு மணி நேரமாயிற்று.

இன்று போர்ட் கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவற்றில் சில ரஜூலாவைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்டவை. பட்டணத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு அவற்றில் ஏறி, மூன்று நாள் கடலைப் பார்த்துவிட்டு வருகின்றன. நாம் அதனை மெச்சுகிறோம். கூலியின் பேரன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடலை ரசிப்பது நல்ல காலத்தின் அறிகுறியே. ஆனால், அந்நாற்காலி மிதக்கும் அதே நீரின்மேல் தன் பாட்டி பெட்டிகளை அடுக்கி வீடு கட்டினாள் என்பதை அவன் அறிவானா?

செய்ய வேண்டுவது

அறியச் செய்வது நம் கடன். ரஜூலாவின் தளத்தை நேரிற் கண்டவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீட்டு மனைகள் வந்தன, லயங்கள் இடிபட்டன, மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் சிதறினர். பெட்டிகளை வெளியில் எறியும்போது, அவற்றினுள் இருந்த பழைய பாஸ்போர்ட்டும் கப்பற் சீட்டும் சேர்ந்து போயின.

ஆகையால், ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த இளைஞர் இருவர் மூவர் முன்வந்து, முதியோரிடம் அமர்ந்து கேட்டு எழுதுதல் வேண்டும். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எத்துறையில் ஏறினார், எத்துறையில் இறங்கினார், வயதென்ன, உடன் வந்தவர் யார், என்ன உண்டார், எதைக் கொண்டுபோனார், எதைக் கொண்டுவந்தார், எத்தனை மாதச் சம்பளம் போயிற்று, உடன் ஏறியவருள் திரும்பி வராதவர் யார் என்ற கேள்விகளே போதும். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுக. நம் இலக்கணத்தை அதில் ஏற்ற வேண்டா. பாஸ்போர்ட்டு, சீட்டு, புகைப்படம் ஆகியவற்றுக்குப் பிரதி எடுத்து, அருகிலுள்ள தமிழ்ப் பள்ளி நூலகத்தில் ஒன்றும் குடும்பத்தில் ஒன்றுமாக வைக்க. குடியுரிமைச் சிக்கலில் இன்றும் அல்லலுறும் குடும்பங்களுக்கு, பாட்டன் வந்த ஆண்டையும் கப்பலையும் காட்டும் ஒரு துண்டுத் தாள் எவ்வளவு உதவும் என்பதை அனுபவித்தோர் அறிவர்.

அறை வகுப்பார் தம் பிரயாணத்தைத் தாமே எழுதிக்கொண்டனர். தளத்தில் வந்தவர் பிரயாணத்தை எழுத அவர் பேரரைத் தவிர வேறெவரும் இல்லை. எழுதுகோல் இப்போது நம் கையில் இருக்கிறது. சொல்வோரும் இன்னும் சிலர் இருக்கின்றனர். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குக.